அறுவடைப் புகை அடங்கிய பிறகும் பையனுக்கு இளைப்பு ஏன் அடங்கவில்லை?

லூதியானாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருப்பூர். கணவர் பனியன் தொழிலில் ஊறியவர். பஞ்சாபில் ஸ்வெட்டர் பின்னும் ஒரு கம்பெனியில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைக்க, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதம் குடும்பத்தோடு அங்கே போனார்கள். ஒரே பையன், வயது 7.

முதல் நான்கு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. அக்டோபர் கடைசியில் வயல்களில் வைக்கோல் எரிக்கத் தொடங்கியதும் பையனுக்கு இரவு இருமல் ஆரம்பித்தது. பக்கத்து கிளினிக்கில் மூன்று முறை நெபுலைசர் வைத்தார்கள், நான்கு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒரு டாக்டர் இன்ஹேலர் எழுதித் தந்தார். பையன் கொஞ்சம் தேறியதும், "பழகிவிட்டால் விடவே முடியாது" என்று மாமியார் போனில் சொன்னதைக் கேட்டு இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது குளிர்காலம் இன்னும் மோசம். டிசம்பர் நடு இரவில் மூச்சு வாங்கி, ஆக்சிஜன் அளவு 89க்கு இறங்கி, மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தான்.

"இதோ அடுத்த சீசன் வருகிறது. போனில் காற்றின் தரம் காட்டும் இரண்டு ஆப் வைத்திருக்கிறேன், இரண்டும் இரண்டு எண் காட்டுகின்றன. வீட்டுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறை பாய்லர் புகை வேறு. நானும் பையனும் திருப்பூருக்கே திரும்பிவிடலாமா? அல்லது தீபாவளியை ஒட்டி ஒரு மாதம் ஊருக்கு வந்துவிட்டு, புகை அடங்கியதும் போனால் போதுமா? ஏர் ப்யூரிஃபையர் வாங்கினால் சரியாகுமா? இது ஆஸ்துமாவா, வெறும் புகையா?" இவைதான் அவர் கேள்விகள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாமே அதில்தான் தொங்குகின்றன. உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: "மூன்று வயதில் திருப்பூரில் இருக்கும்போது இரண்டு தரம் வீசிங் வந்து சரியாகிவிட்டது." இன்னொரு இடத்தில், மாமியாரின் தம்பிக்கு இளைப்பு உண்டு என்றும், உங்களுக்கே காலையில் அடுக்குத் தும்மல் வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு இந்த மூன்றும்தான் முக்கியமாகப் பட்டன. பையனின் மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கும் தன்மை லூதியானாவுக்குப் போவதற்கு முன்பே இருந்திருக்கிறது. பஞ்சாப் காற்று அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது, அவ்வளவுதான். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையல்ல. ஆனாலும் இரவு இருமல், திரும்பத் திரும்ப வருவது, நெபுலைசர் வைத்தால் குறைவது, குடும்பத்தில் ஒவ்வாமை எல்லாம் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஆஸ்துமாவைத்தான்.

அப்படியானால் "புகை போனால் சரியாகிவிடும்" என்ற உங்கள் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அவன் மருத்துவமனைக்குப் போனது எப்போது? டிசம்பர் நடுவில். அதற்குள் கோதுமை விதைத்து முடித்திருப்பார்கள், வயலில் எரிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

வைக்கோல் புகை சில வாரம், மூடி மூன்று மாதம்

உங்கள் கணவரின் நண்பர்கள் எல்லாப் பழியையும் விவசாயி தலையில் போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. நிலத்தடி நீர் கீழே போகிறதென்று 2009இல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் போட்டது: ஜூன் 10க்கு முன் நாற்று நடக்கூடாது. தண்ணீரைக் காக்கப் போட்ட சட்டம்தான். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு தாளை நிற்க வைத்துவிட்டுப் போகிறது. பாசுமதி வைக்கோலை மாடு தின்னும். சாதா ரகத்தின் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் அங்கே அதைத் தீவனமாக விரும்புவதில்லை. தீக்குச்சிதான் மலிவு. இத்தனைக்கும் பஞ்சாபிகள் சாப்பிடுவது ரொட்டி. அங்கே விளையும் நெல்லில் பெரும்பகுதி அரசுக் கொள்முதலாகி நாட்டின் ரேஷன் கடைகளுக்குப் போகிறது.

செயற்கைக்கோள் கணக்குப்படி 2020 பருவத்தில் பஞ்சாபில் 83,000 தீச்சம்பவங்கள். 2024இல் 11,000க்கும் குறைவு. செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு சாயங்காலமாக எரிக்கிறார்கள், அதனால்தான் எண் குறைகிறது என்ற வாதமும் இருக்கிறது, நியாயமான சந்தேகம்தான். எப்படி இருந்தாலும் டிசம்பர், ஜனவரிக் காற்று அதே அளவுக்குச் சுத்தமாகவில்லை.

காரணம் வானிலை. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அப்படியே படுத்துக்கொள்ளும். அதன்மேல் சற்று வெப்பமான காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கீழே பாய்லர், லாரி, டீசல் ஜெனரேட்டர், குப்பை நெருப்பு, கரியடுப்பு என்று எது புகைந்தாலும் மூடிக்குள்ளேயே கிடக்கும். தள்ளிக்கொண்டு போகக் காற்றும் வீசாது. திருப்பூர்க்காரரான உங்களுக்கு இது புதிதாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. உங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு ஜன்னலே திறந்திருக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான். லூதியானாவுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. சண்டிகரில் மேற்படிப்பு படித்தபோது மூன்று குளிர்காலம் பார்த்திருக்கிறேன். மாடியில் காயப்போட்ட சட்டை மூன்றாம் நாளும் ஈரமாக இருக்கும், காலரில் கைவைத்தால் விரலில் கரி ஒட்டும்.

ஆகவே தீபாவளிக்கு ஊருக்கு வாருங்கள், அது நல்லதுதான். பட்டாசும் வைக்கோலும் சேர்ந்து எரியும் அந்த இரண்டு வாரத்தைத் தவிர்க்கலாம். ஆனால் அதை வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். நவம்பர் நடுவில் திரும்பிப் போனால் உண்மையான மூன்று மாதம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிப்ரவரி கடைசியில், நல்ல மழை ஒன்றிரண்டு பெய்து வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். அப்புறம் மார்ச்சில் மகரந்தம், ஏப்ரலில் கோதுமை அறுவடைத் தூசி, மே மாதம் கோதுமைத் தாள் எரிப்பும் "ஆந்தி" என்று அவர்கள் சொல்லும் புழுதிப் புயலும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மழை பெய்து காற்று கழுவப்படும். நீங்கள் போய் இறங்கியது அந்த நல்ல காலத்தை ஒட்டித்தான். அதனால்தான் முதல் நான்கு மாதம் ஒன்றும் தெரியவில்லை.

இன்ஹேலர் விஷயம்

இங்கேதான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்ஹேலர் பழகிப்போகும் என்பது தவறு. தமிழ்நாட்டில் என்னிடம் வரும் பத்துப் பெற்றோரில் ஏழெட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். பழக்கம் என்றால் மருந்துக்கு ஏங்குவது. ஆஸ்துமா மருந்தை நிறுத்தினால் திரும்பி வருவது ஏக்கமல்ல, அடங்கியிருந்த நோய். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது என்பதற்காகக் கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லையே.

இரண்டு வகை இருக்கின்றன. மூச்சு முட்டும்போது உடனே விரித்துவிடும் சால்ப்யூட்டமால் ஒன்று. மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றும் ஸ்டீராய்டு இன்ஹேலர் மற்றொன்று. நீங்கள் இரண்டே வாரத்தில் நிறுத்தியது இந்த இரண்டாவதை. அது முழுப் பலனைத் தரச் சில வாரங்கள் ஆகும். ஸ்டீராய்டு என்றதும் பயம் வருகிறது, புரிகிறது. ஓர் உறிஞ்சலில் 100 அல்லது 200 மைக்ரோகிராம். போன டிசம்பரில் மருத்துவமனையில் அவனுக்குத் தினம் 20 மில்லிகிராம் ஸ்டீராய்டு கொடுத்ததாகச் சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அது 20,000 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்து, நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் சின்ன அளவுக்குப் பயந்து பெரிய அளவில் போய் மாட்டிக்கொண்டோம் என்பது தெரிகிறதல்லவா? பக்கவிளைவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முதல் ஆண்டில் உயர வளர்ச்சி அரை முதல் ஒரு சென்டிமீட்டர் குறையலாம். வாயில் வெள்ளை படியலாம். உறிஞ்சியதும் வாய் கொப்பளித்துத் துப்பினால் அதையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இன்னொன்று. "வாயில் வைத்து அழுத்தினேன், இருமிவிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பேசர் என்ற குழாய் உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன். அது இல்லாமல் ஏழு வயதுப் பிள்ளைக்கு அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு வாரத்திலும் நுரையீரலுக்குப் போனது கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும். ஆக, அவனுக்கு ஒழுங்கான சிகிச்சை இன்னும் ஒருமுறைகூட நடக்கவில்லை. நான்கு தடவை கொடுத்த ஆன்டிபயாடிக்கில் எதுவும் தேவைப்பட்டிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இப்போது ஆகஸ்ட் கடைசி. இந்த வாரமே அங்கே ஒரு குழந்தை நல மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ போங்கள். லூதியானாவில் பெரிய மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன, ஆளுக்குப் பஞ்சமில்லை. தினசரி இன்ஹேலரைப் புகை வந்த பிறகு தேடாமல், செப்டம்பரிலேயே தொடங்குவது பற்றிக் கேளுங்கள். ஸ்பேசரை எப்படிப் பிடிப்பது என்று அவர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். ஃப்ளூ ஊசி செப்டம்பர், அக்டோபரில் போட்டுக்கொள்ளலாம். ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கினால், வெளியே காற்று எப்படி இருக்கிறது என்பதைவிட அவன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பது தெரியும். எந்த அறிகுறிக்கு எந்த மருந்து, எத்தனை தரம் என்று ஒரே தாளில் எழுதி வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

அந்தத் தாளில் எப்படியும் இருக்க வேண்டியவை இவை: முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினால், விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், ஆக்சிஜன் 92க்குக் கீழே போனால், அல்லது சால்ப்யூட்டமால் அடித்தும் நான்கு மணி நேரம் தாங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருந்தைக் கொடுத்துக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் புகை

ப்யூரிஃபையருக்கு வருவோம். வாங்கலாம். ஆனால் காசு செலவில்லாத மூன்று காரியம் முதலில்.

கீழ் வீட்டு அம்மா அன்போடு கொடுத்த அங்கீட்டியை, அந்தக் கரியடுப்பை, இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜன்னலை அடைத்துக்கொண்டு கரிக் கணப்பு வைத்துத் தூங்கி, காலையில் எழுந்திருக்காமலே போன குடும்பங்கள் வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. உங்கள் கடிதத்திலேயே என்னைப் பதறவைத்தது அந்த ஒரு வரிதான்.

அடுத்து, கொசுவர்த்தி. ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அக்டோபரில் கொசு இருக்கும், வலை கட்டுங்கள். மூன்றாவதைச் சொன்னால் மாமியாருக்கு வருத்தமாக இருக்கும்: சளிக்கு நல்லதென்று சாயங்காலம் போடும் சாம்பிராணி. திருப்பூரில் நான்கு பக்கமும் திறந்த வீட்டில் போடுவது வேறு, அடைத்த அறையில் ஆஸ்துமாப் பிள்ளை பக்கத்தில் போடுவது வேறு. வெள்ளிக்கிழமை மணம் வேண்டுமானால் பூ வாங்கி வையுங்கள். சூடம் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் வேண்டாம்.

இதையெல்லாம் நிறுத்திய பிறகு ப்யூரிஃபையர் வாங்கினால் அதற்குப் பலன் இருக்கும். பையன் தூங்கும் அறைக்கு மட்டும் போதும். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்று வடிகட்டப்பட வேண்டுமென்றால் பெட்டியில் போட்டிருக்கும் 'சிஏடிஆர்' எண், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற எண், 170க்குக் குறையக்கூடாது. நுண்துகளைப் பிடிக்கும் 'ஹெப்பா' ஃபில்டர் இருக்க வேண்டும். ஓசோன் விடும் வகை வேண்டாம், அதுவே மூச்சுக்குழாயை எரிக்கும். கதவை மூடி ஓட்டுங்கள். ஃபில்டர் மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நாள் முழுக்க அடைத்தே வைத்திருக்கவும் கூடாது. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை வெயில் பட்டு மூடி கொஞ்சம் தூக்கும், அப்போது ஜன்னலைத் திறங்கள். பையனின் ஃபுட்பால் பயிற்சி காலை ஆறரைக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் அதைவிட மோசமான நேரம் இல்லை. மதியம் மூன்றுக்கு மாற்ற முடியுமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். விளையாட்டையே நிறுத்திவிடாதீர்கள்.

ஆப் குழப்பம் எளிது. ஒன்று இந்திய அளவுகோல், மற்றது அநேகமாக அமெரிக்க அளவுகோல். நுண்துகள் (பிஎம் 2.5) கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் கணக்கில் 100, அவர்கள் கணக்கில் 150ஐத் தாண்டிவிடும். காற்று ஒன்றுதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பை மட்டும் வைத்துக்கொண்டு, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். 200க்கு மேல் என்றால் ஓடியாடும் விளையாட்டு வேண்டாம், 300க்கு மேல் என்றால் தேவையில்லாமல் வெளியே வேண்டாம். இது நான் என் நோயாளிகளுக்குச் சொல்லும் கணக்கு. துணி மாஸ்க் நுண்துகளைத் தடுக்காது. என்95 நல்லது, ஆனால் குழந்தை முகத்தில் ஓரங்களில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான்.

பின்னால் இருக்கும் பாய்லர்

குடக்கூலிக்கு இருப்பவர் புகார் கொடுக்க முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தவறு. பஞ்சாப் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் யாரும் புகார் கொடுக்கலாம். கரும்புகை வரும் நேரத்தில் தேதி, நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். அந்தப் பட்டறைக்கு வாரியத்தின் இசைவாணை இருக்கிறதா, என்ன எரிபொருளுக்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உங்கள் கணவர் அதே தொழிலில் இருப்பதால் சங்கடம் உண்டு என்பது எனக்கும் தெரிகிறது. தெருவில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து கையெழுத்துப் போடுவதுதான் வழி. வாரியம் எதுவும் செய்யாது என்று அவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நொய்யல் பாசன விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் விடாமல் நடந்ததால்தான். அது அவருக்கு நினைவில்லாமல் இருக்காது. ஆனால் இதெல்லாம் மெதுவாக நடக்கும். இந்தக் குளிர்காலத்துக்குள் புகைபோக்கி மாறும் என்று நம்பிப் பையனின் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்போ, திரும்பிவிடலாமா?

இப்போதே வேண்டாம் என்பது என் கருத்து. திருப்பூரில் குளிர்கால நுண்துகள் குறைவுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் பஞ்சுத் தூசி இருக்கிறது, தெருமுனையில் எரியும் குப்பை இருக்கிறது, அவனுக்கு முதல் வீசிங் வந்ததும் அங்கேதான். மருந்தில்லாமல் ஊர் மட்டும் மாறினால், அப்பாவைப் பிரிந்தும் இளைப்போடு இருப்பான். ஒரு குளிர்காலம், ஒழுங்கான சிகிச்சையோடு பாருங்கள். தினமும் மருந்து, சரியான முறையில், புகையில்லாத வீடு. இத்தனையும் செய்து, மார்ச்சுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோ, வாய்வழி ஸ்டீராய்டு இரண்டு தரம் தேவைப்பட்டாலோ, அப்போது ஊர் மாற்றத்தைத் தயங்காமல் முடிவு செய்யலாம். கல்வியாண்டும் அப்போதுதான் முடியும்.

ஜனவரி 13 லோஹ்ரிக்குத் தெருவில் நெருப்பு மூட்டும்போது, நண்பர்களோடு நிற்க வேண்டுமென்று போன வருடம் அழுதான் என்று எழுதியிருந்தீர்கள். நம்மூர்ப் போகி மாதிரிதானே, பிள்ளைக்கு ஆசை இருக்காதா? நெஞ்சு சரியாக இருக்கிற நாளானால், காற்று வரும் பக்கமாக, தள்ளி நின்று பத்து நிமிஷம் பார்க்கட்டும். சால்ப்யூட்டமால் இன்ஹேலரும் ஸ்பேசரும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். இன்னொரு செட் பள்ளிக்கூடத்தில். அவன் பையில் வைக்க டீச்சர் விடுவதில்லை என்றால், டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து அலுவலகத்திலாவது வைக்கச் சொல்லுங்கள்.